வீட்டுத் திரையில் தமிழெழுத்து எங்கே?

தாம்பரத்துத் தாய்மாரே! பல்லாவரத்துப் பெரியோரே! குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் முதலாய ஊர்களினின்று வந்து கூடியுள்ள இளையோரே!

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் தமிழன்பர் பலருளர். சுளிப்பதற்குப் போதிய காரணமும் அவர்களுக்கு உண்டு. ஆயினும் கூடத்திற்குள் வந்து அமர்ந்துவிட்ட ஒன்றை முகச்சுளிப்பால் வெளியேற்ற இயலாது. அதனிடம் வேலை வாங்கத் தெரிந்திருத்தல் வேண்டும்.

1980-களில் இப்புறநகர்களில் ஒளிப்பேழை புகுந்தது. அதை இயக்கும் பொறியை விலைக்கு வாங்க வல்லவர் சிலரே. ஏனையோர் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். பெட்டியுள்ள வீட்டில் தெருவே கூடிற்று. கொடுத்த வாடகை வீணாகலாகாதென்று விடியுமட்டும் மூன்று படம், நான்கு படம் ஓட்டினர். கண் சிவந்ததே கண்ட பயன். பின்னர்க் குறுவட்டு வந்தது. ஒரு வட்டில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுந்த காட்சியே அடங்கியதால், ஒரு தமிழ்ப்படம் இரண்டு மூன்று வட்டுகளாகத் துண்டுபட்டது.

1996-இல் சப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது, மக்கள் ‘டிவிடி’ என்று வழங்கிய ஒளிவட்டு. (ஈழத்தமிழர் இவ்வகை வட்டுகளை இறுவட்டு என்று எழுதியும் பேசியும் பழகினர். தாய்த்தமிழகத்து நாவுக்கு மட்டும் அது ஏன் கூசிற்றோ!) 2006-இல் தமிழ்நாட்டரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டே மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப்பட ஒளிவட்டை 34 உருபாவுக்குக் கடைக்கு அனுப்பியது. குடும்பத்தோடு திரையரங்கு சென்றுவரும் ஒரு நாட் செலவில் பல வட்டுகள் வீடு சேர்ந்தன. திருட்டு வட்டு விற்போரை 2004-லேயே குண்டர் தடுப்புச் சட்டத்திற்குள் கொணர்ந்தும் அவ்வணிகம் ஒழியாதது வேறு கதை.

வீட்டில் பார்க்கும் படத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அரங்கில் நடிகன் பேசிய சொல் பறந்துவிடும். வீட்டிலோ பாட்டி “என்ன சொன்னான்?” என்று கேட்கலாம், பேரன் படத்தை நிறுத்தி மீண்டும் ஓட்டலாம், ஒரு சொல்லைப் பற்றித் தந்தையும் மகளும் பேசலாம். சொல்லைப் பற்றிய அத்தகைய வீட்டுப் பேச்சின் ஆற்றலைப் பல்லாவரத்தார்க்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. 1916-இல் இவ்வூரில் மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையாருடன் உலவியபோது வள்ளலார் பாட்டொன்றில் வந்த ‘தேகம்’ என்னும் சொல்லைக் கருதி, அங்கு ‘யாக்கை’ என்றிருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்றார். தனித்தமிழ் இயக்கம் பிறந்த இடம் அந்த உரையாடலே. மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. தந்தையும் மகளும் ஒரு சொல்லும்.

இனி, வட்டுக்கு வருவோம். ஓர் ஒளிவட்டில் எட்டு ஒலித்தடங்களுக்கும், படத்தின் அடியில் ஓடும் எழுத்துவரிகளில் முப்பத்திரண்டு வகைக்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. முப்பத்திரண்டு மொழிக்கு இடம்! தமிழ்ப்பட வட்டுகள் பலவற்றில் எழுத்துவரியே இல்லை. இருந்தவற்றிலும் பெரும்பாலும் ஆங்கில வரி ஒன்றே. தமிழர் தமிழ்ப்படத்தைத் தமிழ் வீட்டில் பார்க்கையில் அடியில் ஆங்கிலம் ஓடியது. தமிழுக்குரிய இடம் வெறுமையாய்க் கிடந்தது.

2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்கு அரசு கேளிக்கைவரி விலக்களித்ததும், ‘ஜில்லுனு’ என்றிருந்தது ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனதும் பலர் நினைவிலிருக்கும். நல்ல செயலே. ஆனால் பெயர்ப்பலகையோடு நின்றது.

இதனால் இழந்தவர் யார்? ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் புறநகர்க் குழந்தை திரையுரையாடலை வரி பிறழாமல் ஒப்பிக்கும். பேருந்துப் பலகையில் ‘கிழக்குத் தாம்பரம்’ என்பதை எழுத்துக்கூட்டத் திணறும். காதில் விழும் சொல்லே கண்முன் எழுத்தாயும் ஓடினால் படிப்பு தானே படியும். இது வெறும் கற்பனையன்று. அகமதாபாது இந்திய மேலாண்மைக் கழகத்துப் பேராசிரியர் பிரிசு கோத்தாரி இதனையே வழியாகக் கொண்டார். 1999-இல் குசராத்தித் திரைப்பாடல்கள் தொலைக்காட்சியில் குசராத்தி எழுத்துவரியோடு ஒளிபரப்பாயின. குசராத்திக்கு இயன்றது தமிழ் வட்டுக்கு இயலாதா? செவிப்புலன் இழந்த தமிழர்க்கோ இவ்வரி இருந்தாலன்றிப் படமே ஊமைப்படம்.

ஒளிவட்டின் காலம் கழிந்தது. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. குடும்பங்கள் இன்று இணையவழியே படம் பார்க்கின்றன. அங்கும் ஆங்கில வரி எளிதிற் கிட்டுகிறது, தமிழ்வரி அரிதாகவே கிட்டுகிறது.

செலவாகுமே என்பர் சிலர். ஆங்கில வரிக்குத்தான் மொழிபெயர்ப்பவர்க்குக் கூலி தரவேண்டும். தமிழ்வரிக்கு மொழிபெயர்ப்பே வேண்டா. உரையாடல் ஆசிரியர் எழுதிய தாள் படநிறுவனத்திடமே உள்ளது. அத்தாளைத் திரையிலேற்றுமாறு படநிறுவனங்கட்கும் இணையவழி ஒளிபரப்புவோர்க்கும் வீட்டுக்கொருவர் எழுதுவது, ஓர் அஞ்சலட்டையில் முடியும் வேலை.