பதிவேட்டு அறையில் ஒரு பரீட்சை

(புன்னக்காயலில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



மருத்துவமனையிலிருந்து பேச வருகிறவர்கள் வழக்கமாக அறுவைச் சிகிச்சையைப் பற்றியோ பிரசவ வார்டைப் பற்றியோ சொல்லுவார்கள். நாங்கள் பதிவேட்டு அறைக்காரர்கள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு எங்களிடம் வந்து சேரும். மறுபடி அவர் வரும்போது அது கைக்குக் கிடைத்தாக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை. தலை நரைத்த பிறகு எதற்குப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லவே இங்கே நிற்கிறோம்.

காகிதத்தைப் படமாக்கி, பிழையில்லாமல் காத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது இன்று ஒரு தனித் தொழில். அமெரிக்காவிலுள்ள கம்ப்டியா என்ற அமைப்பு இதற்கென்றே சிடிஐஏ பிளஸ் என்ற சான்றிதழ்த் தேர்வை நடத்தி வந்தது. அந்தத் தேர்வு இப்போது இல்லை. ஏஐஐஎம் என்ற சங்கம் நடத்தும் சிஐபி தேர்வுதான் இன்று அதற்குப் பக்கத்தில் வருவது. நாங்கள் படிப்பது அதற்காக. ஆனால் அது நிர்வாகத்தைப் பேசுகிற அளவுக்குக் கணக்கைப் பேசவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஆகவே பழைய தேர்வின் பாடங்களையும் விடாமல் படிக்கிறோம்.

என்ன கணக்கு என்று கேட்பீர்கள். ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமெடுத்தால் குறுக்கே 2,480, நெடுக்கே 3,508. பெருக்கினால் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளை மட்டும் போதுமென்றால், சுருக்காத நிலையில் சுமார் 1.1 எம்பி. சாம்பல் நிறத்தின் சாயைகளும் வேண்டுமென்றால் எட்டு மடங்கு. முழு வண்ணத்தில் 26 எம்பி. இன்னொரு கணக்கு: 500 கோப்புகள், கோப்புக்கு 40 தாள், ஆக 20,000 தாள். நிமிஷத்துக்கு 40 தாள் இழுக்கும் ஸ்கேனர் இருந்தால் எட்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று விற்பனைக்காரர் சொல்லுவார். பரீட்சைக்காரர் அங்கேதான் நம்மை மடக்குவார். குண்டூசியும் டேக்கும் கழற்றி, மடிப்பை நீவி, கிழிசலை ஒட்ட ஒரு தாளுக்குப் பத்து விநாடி வைத்துக்கொண்டாலும் 55 மணி நேரம் ஆகிறது. உப்புக் காற்றில் குண்டூசி எப்படித் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தக் கரையில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா? பத்து விநாடி போதாது.

எங்களைத் தூங்கவிடாத பாடம் வேறொன்று. பழைய தாளில் அழுக்குத் துகள் இருக்கும். படத்தைச் சுத்தமாக்க, தனித்து நிற்கும் சிறு புள்ளிகளை அழித்துவிடும் வசதி மென்பொருளில் உண்டு. மருந்துச் சீட்டில் 0.5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நடுவிலுள்ள அந்தப் புள்ளியும் தனித்துத்தான் நிற்கிறது. தூசி என்று நினைத்து அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது 05. வாசிக்கிறவருக்கு அது ஐந்து; பத்து மடங்கு மருந்து. மங்கலான பால்பாயிண்ட் பேனாவென்றால் அழிக்கக்கூட வேண்டாம், கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போதே புள்ளி காணாமல் போகும். ஆகையால் கையெழுத்துச் சீட்டுகளைச் சாம்பல் நிறத்தில் எடுப்பது, துகள் நீக்கும் வசதியை அவற்றுக்கு அணைத்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இடம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

தமிழுக்கும் புள்ளி சின்ன விஷயம் அல்ல. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் பெரும்பாலும் அதை இடாமலே விட்டார்கள். பின்னால் வாசித்தவர்கள் பட்டபாடு ஏடு பதிப்பித்தவர்களுக்குத் தெரியும்.

இயந்திரம் புள்ளியை விழுங்குவது ஒருபுறம், எண்ணையே மாற்றிவிடுவது இன்னொருபுறம். 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றில் கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் என்றே வந்ததைக் கண்டுபிடித்தார். ஜேபிக்2 என்ற சுருக்க முறை, ஒன்றுபோல் தோன்றும் உருக்களுக்கு ஒரே உருவை வைத்துவிட்டிருந்தது. அதனால் 6 இருந்த இடத்தில் 8 வரும். படமோ துல்லியமாகத் தெரியும், சந்தேகமே வராது. மங்கலான படத்தைவிட இது பொல்லாதது.

இந்த ஊரில் நின்று இதைப் பேசும்போது ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1546-ல் இந்தியா வந்து, இந்தக் கரையில் தமிழ் கற்று, புன்னக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனையும் அமைத்தவர். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே உள்ளது. அதன் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் கிடைத்தது. இந்தக் கரை மக்களுக்கென்று அச்சான புத்தகங்கள் கடலுக்கு அப்பால்தான் பிழைத்தன. ஒரு பிரதியாவது வேறொரு தூர இடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பாடப் புத்தகத்திலும் ஒரு முழு அதிகாரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி வந்து ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. மருந்துச் சீட்டும் பழைய டிஸ்சார்ஜ் சுருக்கமும் வீட்டில் வைத்திருந்தவர்கள் கூழாய்ப் போன தாளைத்தான் எடுத்தார்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எது ஒத்துக்கொள்ளாது என்று அடுத்த டாக்டருக்குச் சொல்ல அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

சட்டமும் படிக்கிறோம். 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளியின் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் என்பது குறைந்த அளவு. சர்க்கரை நோயாளிக்கும் இருதய நோயாளிக்கும் அது எந்த மூலைக்கு? மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63-ம் பிரிவின்படி சான்றும் தேவை. இதெல்லாம் ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தால்தான் ஏறுகிறது.

உங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஈ.சி.ஜி. தாளையும் வயிற்று ஸ்கேன் படத்தையும் பத்திரப்படுத்த நினைத்து லேமினேட் செய்யாதீர்கள். அவற்றில் பல, சூட்டினால் கறுக்கும் தாள். லேமினேட் செய்யும் சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் நாளடைவில் மங்கும். தனித் தாள் உறையில் வைத்து, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது முதலில் எங்கள் ஜன்னலில் கொடுங்கள். படமெடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பித் தருகிறோம்.