அமுக்கராக் கிழங்கு: பயனும் பத்தியமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் வைத்தியம் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் புரிபவன். ‘இவன் மருந்தைப் பற்றிப் பேசுவதா?’ என்று தாங்கள் எண்ணலாம். மருந்து சொல்ல நான் வரவில்லை. நம் காலனியில் வீட்டுக்கு வீடு புழங்கும் ஒரு மருந்தைப் பற்றி, அதை உண்போரும் ஊருக்கு அனுப்புவோரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைச் சொல்லவே வந்தேன்.

அமுக்கரா என்று நாம் வழங்கும் கிழங்கே அம்மருந்து. வடமொழியில் அசுவகந்தா என்பர். பச்சை வேரில் குதிரையின் வாடை வீசுவதால் வந்த பெயர் அது. இந்தப் பக்கத்து மக்கள் அதனை ‘அஸ்கந்த்’ என்பர். தாவர நூலார் அதற்கு இட்ட பெயரில் வரும் ‘சோம்னிஃபெரா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘உறக்கம் தருவது’ என்று பொருள். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. சொடக்குத் தக்காளியைப் போல மெல்லிய உறைக்குள் சிறு பழம் சிவந்து நிற்கும்.

நாம் பிழைக்க வந்த இந்த மாளவ நாடு அமுக்கரா விளைச்சலுக்குப் பேர் பெற்றது. இரத்லாமிலிருந்து சித்தோர்கட் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் அதனைப் பயிரிடுகின்றனர். மழைக்காலத்தின் பிற்பகுதியில் விதைத்து, ஐந்தாறு மாதங்களில் செடியோடு பிடுங்கி, வேரை நறுக்கி உலர்த்தி, பருமன் பார்த்துத் தரம் பிரித்து நீமச் மண்டிக்குக் கொண்டு வருவர். இங்கே எளிதில் கிடைப்பதால், விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மவர் பெட்டிகளில் ஒரு பொட்டலமேனும் இருக்கும். அப்பாவுக்குத் தூக்கம் இல்லையாம், அண்ணிக்கு உடம்பு தேறவில்லையாம் என்று அன்பினால் கொண்டு செல்கிறோம். அந்தப் பொட்டலத்தோடு அளவும் பத்தியமும் கூடவே செல்கின்றனவா என்பதே என் கேள்வி.

இதன் பயனை நான் மறுக்கவில்லை. உடல் தேறவும், நரம்பு வலுப்பெறவும், உறக்கம் வரவும் சித்தரும் ஆயுர்வேதத்தாரும் நெடுங்காலமாக இதனைப் பாலோடு கொடுத்து வருகின்றனர். 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மன உளைச்சலால் வருந்திய 64 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இவ்வேரின் சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருவேளை கொடுத்தனர். மற்றவர்க்குப் போலி மாத்திரை. 60 நாட்களுக்குப் பின், மருந்து உண்டவர்க்கு உளைச்சலும், ‘கார்ட்டிசால்’ என்னும் சுரப்பின் அளவும் குறைந்திருந்தன. ஆனால் அது 60 நாள் சோதனையே. ஆண்டுக்கணக்கில் உண்ணலாம் என்பதற்கு அது சான்றாகாது.

இனி, கவனிக்க வேண்டியவை.

முதலாவது, அளவு. ஆயுர்வேத மருந்து நூல் விதிக்கும் அளவு, வேர்த்தூள் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். கடைகளில் மாத்திரையாக வருவது பெரும்பாலும் செறிந்த சாரம். தூளின் கணக்கு சாரத்துக்குப் பொருந்தாது. சீட்டில் வேர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குக. இலையைச் சேர்க்க வேண்டாம் என்று 2021இல் ஆயுஷ் அமைச்சகமே மருந்து செய்வோரைக் கேட்டுக்கொண்டது.

இரண்டாவது, சூரணம். சித்த முறைப்படி அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, அமுக்கரா ஆகியவை ஒன்றுக்கொன்று இரட்டித்துச் செல்லும், கடைசியில் சர்க்கரை. 1, 2, 4 என்று கூட்டிப் பார்த்தால் சர்க்கரை மட்டும் 128 பங்கு; ஏனைய யாவும் சேர்ந்தே 127. நீரிழிவு உள்ள பெரியவருக்கு இதனை அனுப்புவோர் இந்தக் கணக்கை நினைவில் கொள்க.

மூன்றாவது, இது யாருக்கு ஆகாது என்பது. கருவுற்ற தாய்மார் தொடவே கூடாது. தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை உண்போருக்கு அம்மருந்துகளின் வேகத்தை இது கூட்டக்கூடும். தைராய்டு சுரப்பையும் இது மிகுவிக்கக்கூடும். நம் காலனியில் தைராய்டு மாத்திரை உண்டுவந்த அம்மையார் ஒருவர், பிறர் சொல் கேட்டு இதனையும் உண்டார். சில வாரங்களில் படபடப்பும் கைநடுக்கமும் கண்டன. ‘வேறு மருந்து ஏதேனும் உண்டா?’ என்று டாக்டர் கேட்டபோது, ‘இல்லை’ என்றே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கிழங்கை மருந்தென்று அவர் கருதவில்லை, அவ்வளவே. நல்லவேளையாக, அருகிலிருந்த மகள் எடுத்துச் சொன்னாள்.

நான்காவது, ஈரல். சிலருக்கு இதனால் ஈரல் கெட்டதாக மருத்துவ ஏடுகளில் செய்திகள் வந்துள்ளன. டென்மார்க் நாடு 2023இல் இதனைத் தடை செய்தது. அத்தடை மிகை என்பாரும் உளர். அந்த வழக்கு எப்படியாயினும், கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும், உடம்பு அரித்தாலும் உடனே நிறுத்தி டாக்டரிடம் செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஐந்தாவது, வண்டியோட்டும் தொழிலாளத் தோழர்களுக்கு. இரவு வேலை முடித்துப் பகலில் உறக்கம் வராமல் நீங்கள் படும் பாட்டை அறிவேன். ஆயினும் மந்தம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரியாத பொருளை உண்டு எஞ்சினில் ஏறலாகாது. ரயில்வே டாக்டரைக் கேளாமல் தொடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் தனித்திருக்கும் தாய்தந்தையர்க்கு உறக்கமின்மை எப்போதும் நரம்புக் கோளாறாகவே இராது. வாரம் இருமுறை நம் குரல் அவர்கள் காதில் விழுகிறதா என்றும் எண்ணிப் பார்ப்போமாக.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு துண்டுத்தாள் செல்லட்டும்: பொருள் இன்னது, நாளொன்றுக்கு அளவு இவ்வளவு, இன்னின்னார் உண்ணலாகாது, உங்கள் டாக்டரிடம் இதனைக் காட்டுக. நம் சங்கமே அதனை அச்சிட்டு இலவசமாக வழங்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.