ஆதாமின் வாரிசு யார்?
தெய்விக உரிமையும் தந்தையதிகாரமும்: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் முடியாட்சிக் கோட்பாடுகள்

அரசனின் அதிகாரம் கடவுள் தந்தது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழையது. இடைக்காலத்தில் அந்த நம்பிக்கை அரசனைக் காக்கவும் செய்தது, கட்டுப்படுத்தவும் செய்தது. கடவுளின் பெயரால் முடி சூட்டிய திருச்சபை, அதே கடவுளின் பெயரால் முடியைப் பறிக்கவும் உரிமை கோரியது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது ‘அரசர்களின் தெய்விக உரிமை’ என்ற தனிக் கோட்பாடாக இறுகியது. அப்படி இறுக்கியது அரசர்களின் ஆணவம் என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும்.

1570இல் போப் ஐந்தாம் பயஸ், எலிசபெத் அரசியைச் சபையிலிருந்து விலக்கி, ஆங்கிலேயக் குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். 1579இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்ஜ் புக்கானன், கொடுங்கோலனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று நூல் எழுதினார். அவர் கத்தோலிக்கர் அல்லர், பிராட்டஸ்டண்ட். பிரான்சில் 1589இல் மூன்றாம் ஹென்றியை ஒரு துறவி குத்திக் கொன்றார். 1610இல் நான்காம் ஹென்றியும் கத்திக்கு இரையானார். போப்பிடமிருந்தும் குடிகளிடமிருந்தும் ஒரே நேரத்தில் அரசனைக் காக்க ஒரு வாதம் தேவைப்பட்டது.

அந்த வாதத்தை அரசர் ஒருவரே எழுதினார். புக்கானனிடம் சிறுவயதில் பாடம் கற்ற ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், 1598இல் வெளியிட்ட ‘சுதந்திர முடியாட்சிகளின் மெய்யான சட்டம்’ என்ற நூல் ஆசிரியருக்கு மாணவர் தந்த மறுப்பு என்றே சொல்லலாம். முடியாட்சி கடவுள் நிறுவியது; பிறப்பால் வரும் அரசுரிமையை எவராலும் பறிக்க முடியாது; அரசன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன்; அவனை எதிர்ப்பது பாவம் என்பவை இக்கோட்பாட்டின் தூண்கள். இவற்றில் பிறப்புரிமை ஜேம்ஸுக்குச் சொந்தத் தேவையாகவும் இருந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியின் உயில், ஜேம்ஸ் பிறந்த ஸ்காட்லாந்து வழியினரை ஒதுக்கியிருந்தது. 1603இல் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறியது இரத்த உறவின் பலத்தால்தான்.

இக்கோட்பாடு அரசன் நினைத்ததெல்லாம் செய்யலாம் என்று சொன்னதாகக் கருதுவது தவறு. கடவுளின் கட்டளைக்கு மாறானதைக் குடிமகன் செய்ய மறுக்கலாம். ஆனால் அதற்கான தண்டனையை எதிர்க்காமல் ஏற்க வேண்டும். 1610இல் நாடாளுமன்றத்தில் பேசிய ஜேம்ஸ், அரசனைக் கடவுளுக்கும் தந்தைக்கும் உடலின் தலைக்கும் ஒப்பிட்டார். நிலைபெற்ற நாட்டின் அரசன் சட்டத்தின்படியே ஆள வேண்டும் என்றும் அதே உரையில் ஒப்புக்கொண்டார்.

தெய்விக உரிமை விடை சொல்லாத கேள்வி ஒன்று இருந்தது. கடவுளின் அதிகாரம் எந்த வழியாக இந்த மனிதரின் கைக்கு வந்தது? ஸ்பெயினின் இயேசு சபை அறிஞர் பிரான்சிஸ்கோ சுவாரெஸும் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது என்றார். ஆனால் அது முதலில் சமூகம் முழுவதற்கும் வருகிறது, சமூகமே அதை அரசனிடம் ஒப்படைக்கிறது என்றார். 1613இல் வெளிவந்த அவருடைய நூல் லண்டனில் எரிக்கப்பட்டது. எரித்ததால் கேள்வி அடங்கவில்லை. அதற்கு விடையாக வந்ததே, அரச அதிகாரம் தந்தையின் அதிகாரத்திலிருந்து பிறந்தது என்ற தந்தையதிகாரக் கோட்பாடு. தெய்விக உரிமையையும் இதையும் ஒன்றாகப் பேசுவது பாடநூல்களின் வழக்கம் என்றாலும், முதலாவது, அதிகாரம் யாருடையது என்கிறது, இரண்டாவது அது வந்த வழியைச் சொல்கிறது.

அக்காலத்து ஆங்கிலேயருக்கு இந்த விடை புதிதாகத் தோன்றியிருக்காது. தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் ஐந்தாம் கட்டளையை விளக்கும்போதே அரசருக்கும் மேலோருக்கும் கீழ்ப்படியும் கடமையையும் திருச்சபை சிறுவர்களுக்குக் கற்பித்தது. கணவனைக் கொன்ற மனைவியும் எஜமானைக் கொன்ற வேலையாளும் 1351ஆம் ஆண்டுச் சட்டப்படி வெறும் கொலையாளிகள் அல்லர். ‘சிறு துரோகம்’ என்ற, அரச துரோகத்தின் சிறு வடிவமான குற்றத்துக்கு ஆளானவர்கள். வீட்டுத்தலைவனுக்குள் ஒரு குட்டி அரசன் இருப்பதைச் சட்டமே ஏற்றிருந்தது.

இதை முறையான கோட்பாடாக்கியவர் கென்ட் பகுதியின் நிலப்பிரபு சர் ராபர்ட் ஃபில்மர். பதினெட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தலைமகன் உரிமையை அனுபவித்து அறிந்தவர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத் தரப்பு அவரை லீட்ஸ் கோட்டையில் சிறைவைத்தது. 1653இல் இறந்தார். அவருடைய ‘பேட்ரியார்க்கா’ கையெழுத்துப் படியாகவே பல ஆண்டுகள் கிடந்தது. கடவுள் உலகை ஆதாமுக்குத் தந்தார். ஆதாம் தன் பிள்ளைகளுக்குத் தந்தையாக இருந்ததாலேயே அரசனாகவும் இருந்தான். வெள்ளத்துக்குப் பின் நோவா உலகைத் தன் மூன்று மகன்களுக்குப் பங்கிட்டான். பாபேலில் மொழிகள் பிரிந்தபோது குடும்பத்தலைவர்கள் நாடுகளின் அரசர்களானார்கள் என்பது அவர் வரைந்த வம்சாவளி.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஃபில்மரின் உண்மையான பலம் மறுபக்கத்தைத் தாக்கியதில் இருந்தது. மனிதர் அனைவரும் சுதந்திரமாகப் பிறந்து, ஒப்பந்தத்தால் அரசை உண்டாக்கினார்கள் என்றால், உலக மக்கள் எல்லோரும் எப்போது, எங்கே கூடினார்கள்? பெரும்பான்மையின் முடிவு சிறுபான்மையை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? பெற்றோரின் ஒப்பந்தம் பிறகு பிறந்த பிள்ளைகளை எப்படிக் கட்டும்? ஒப்பந்தக் கோட்பாட்டினர் இன்றும் இவற்றைச் சுலபமாகக் கடந்துவிடுவதில்லை. தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அரசனுக்குத் தந்த முற்றதிகாரத்தை ஃபில்மர் பாராட்டினார். ஒப்பந்தத்தை அதற்கு அடித்தளமாக்கியதை மட்டும் ஏற்கவில்லை.

ஃபில்மரின் சொந்தக் கட்டடம் வாரிசுக் கேள்வியில் விரிசல் கண்டது. ஆதாமின் நேர் வாரிசு உலகில் ஒருவர்தான் இருக்க முடியும். மற்ற அரசர்களெல்லாம் அபகரித்தவர்கள் ஆவார்கள். இதைத் தவிர்க்க, அரசர்கள் தந்தையரின் வாரிசுகளாகக் கருதப்பட வேண்டியவர்கள் என்றார். அபகரித்தவனின் கைக்குப் போனாலும் அந்த அதிகாரம் தந்தையதிகாரமே என்றார். 1652இல், ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸின் தலை விழுந்து இங்கிலாந்து குடியரசாகி மூன்று ஆண்டுகளுக்குப் பின், சட்டபூர்வ அரசனுக்குத் தீங்கு வராத அளவுக்கு அபகரித்தவனுக்கும் கீழ்ப்படியலாம் என்று எழுதினார். ஜேம்ஸின் ஸ்டூவர்ட் வம்சத்துக்காகச் செய்த கேடயத்தின் ஒரு பகுதி குடியரசுக்கும் பயன்பட்டது.

முடியாட்சி மீண்ட பின், சார்லஸின் மகனும் கத்தோலிக்கருமான யார்க் கோமகன் ஜேம்ஸை வாரிசுரிமையிலிருந்து விலக்க நாடாளுமன்றத்தில் போராட்டம் நடந்தபோது, 1680இல், அரசத் தரப்பினர் ‘பேட்ரியார்க்கா’வை அச்சிட்டார்கள். ஜேம்ஸ் டிரெல் மறுநூல் எழுதினார். அல்ஜெர்னன் சிட்னி எழுதிய மறுப்பின் கையெழுத்துப் படி, 1683இல் அவர்மீது நடந்த துரோக வழக்கில் சாட்சியமாகி அவருடைய தலையை வாங்கியது. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், அதிகாரத்தின் ஊற்று மக்களே என்ற கருத்தைக் கண்டித்து நூல்களை எரித்தது. புக்கானன், மில்டன் நூல்களோடு ஹாப்ஸின் நூல்களும் அதில் அடக்கம். முற்றதிகாரத்தை ஆதரித்திருந்தாலும் அதன் பிறப்பிடத்தை மாற்றிச் சொன்னவருக்கு மன்னிப்பு இல்லை.

தத்துவ அறிஞர் ஜான் லாக், ஆட்சி பற்றிய தம் இரண்டு ஆய்வுரைகளில் முதலாவதை முழுக்க ஃபில்மரை மறுக்கவே செலவிட்டார். இன்று அதைப் பொறுமையாகப் படிப்பவர் குறைவு. அதன் கூர்மையான அடி, ஐந்தாம் கட்டளையை ஃபில்மர் ‘தந்தையை மதி’ என்று பாதியாக எடுத்தாண்டதைச் சுட்டியது. தாயும் கட்டளையில் இருக்கிறாள் என்றால் பெற்றோருக்கான மதிப்பு இருவருக்கும் உரியது. ஒருவனுக்கான ஆட்சியுரிமை அதிலிருந்து பிறக்காது. பிள்ளை வளர்ந்து அறிவு பெற்றதும் பெற்றோரின் ஆளுகை முடிகிறது என்பது அவருடைய அடுத்த வாதம்.

பிரான்சில் கதை வேறு. பதினான்காம் லூயியின் மகனுக்குக் கற்பித்த ஆயர் பொசுவே, அரச அதிகாரம் புனிதமானது, தந்தைத்தன்மை உடையது, முழுமையானது, பகுத்தறிவுக்கு உட்பட்டது என்று வேதவசனங்களைக் கொண்டு நிறுவினார். அவர் இறந்த பின் 1709இல் அந்நூல் வெளிவந்தது. நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. அதனாலேயே அவருடைய எழுத்தில் ஃபில்மரின் பதற்றம் இல்லை.

இங்கிலாந்தில், அதே யார்க் கோமகனாக இருந்து அரசரான இரண்டாம் ஜேம்ஸ் 1688இல் தப்பியோடினார். அவருக்குச் செய்த பிரமாணத்தை மீற முடியாது என்று கேன்டர்பரி பேராயர் சான்கிராஃப்டும் ஏறத்தாழ 400 குருமாரும் புதிய ஆட்சிக்குப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். மறுத்த பேராயர் பதவி இழந்தார். 1701ஆம் ஆண்டுச் சட்டம் முடியைப் பிராட்டஸ்டண்ட் வழிக்கு மட்டும் உரியதாக்கியது. அதன்படி 1714இல் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியபோது, இரத்த உறவில் அவரைவிட நெருங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டார்கள்.