ஊரின் பெயரும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசி வருகின்றோம். இவை யாவற்றிற்கும் முன்னதாக ஊருக்கு வாய்த்த உடைமை ஒன்று உண்டு. அதுவே ஊரின் பெயர். அப்பெயரை அரசினர் எவ்வாறு பதிவு செய்கின்றனர், எவ்வாறு சீர்ப்படுத்துகின்றனர், அதில் ஊராட்சிக்குரிய பங்கு யாது என்பவற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

பெயர் எப்படியிருந்தால் என்ன என்று சிலர் கருதக்கூடும். ஒரு விவசாயியின் ஆவணங்களை எண்ணிப் பாருங்கள். பட்டாவில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். ஆதார் அட்டையில் இருப்பது அவர் குடியிருக்கும் குக்கிராமத்தின் பெயர். குடும்ப அட்டையில் அதே பெயர்தான். ஆனால் எழுத்து வேறு. பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்திலோ இன்று வழக்கொழிந்த வேறொரு பெயர். நான்கும் ஒரே மண்ணைக் குறிப்பன என்பதை ஊரார் அறிவர். கடன் வழங்கும் வங்கியார் எவ்வாறு அறிவர்? பயிர்க் காப்பீட்டுப் பதிவில் கிராமத்தின் பெயர் மாறிவிடுமாயின், வேறொரு கிராமத்தின் விளைச்சலைக் கொண்டு நம் இழப்பைக் கணக்கிடும் நிலை நேரும். நள்ளிரவில் 108 ஊர்தியை அழைத்து, "புதூருக்கு வாருங்கள்" என்றால் எந்தப் புதூருக்கு அவர்கள் விரைவார்கள்? புதூர்களும், நல்லூர்களும், புதுப்பாளையங்களும் நம் மாநிலத்தில் எத்தனையோ உள்ளன அல்லவா?

பெயர்களைப் பதியும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்கள் நிலக்கொடைகளைக் கூறும்போது ஊரையும் எல்லையையும் வாய்க்காலையும் பெயர் சொல்லியே குறிக்கின்றன. பிற்காலத்தில் 1767-ஆம் ஆண்டில் இந்திய நில அளவைத் துறை தோன்றியது. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து லாம்டன் என்பவர் தொடங்கிய முக்கோண அளவையே பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. ஊர், குளம், ஓடை, குன்று ஆகியவற்றின் பெயர்கள் இவ்வாறு வரைபடத்தில் ஏறின. வருவாய்த் துறையினரின் 'அ' பதிவேடும் கிராம வரைபடமும் அதே பெயர்களை நிலவரி நோக்கில் நிலைநிறுத்தின.

சிக்கல் தமிழில் எழுதுவதில் அதிகமில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதிலேதான் அது பெருகிற்று. தரங்கம்பாடி, டிரான்குபார் ஆயிற்று; தூத்துக்குடி, டூட்டிகோரின் ஆயிற்று. இக்குழப்பத்தைக் குறைக்கவே ஹன்டர் என்பவர் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையை 1872-இல் அன்றைய இந்திய அரசினர் ஏற்றனர். ஆயினும் நம் ழகரத்திற்கு ஒருவர் ஓர் எழுத்தும், மற்றொருவர் இரண்டு எழுத்துக்களும் இடுகின்றனர். ககரம் ஓரிடத்தில் வல்லோசையாகவும் ஓரிடத்தில் மெல்லோசையாகவும் ஒலிப்பதை எழுத்து காட்டுவதில்லை. சோழவந்தானை ஆங்கிலத்தில் "ஷோலவந்தான்" என்று படிக்கத்தக்கவாறு எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒப்பத் திருத்தி அரசாணை வெளியாயிற்று. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் வேலூரின் புதிய எழுத்துக்கள் "வீலூர்" என்று படிக்கும்படி அமைந்தன. கோயம்புத்தூர் முதலியவற்றின் எழுத்துக்கள் பற்றியும் மக்கள் வினா எழுப்பினர். சில நாட்களிலேயே அவ்வாணை மறு ஆய்விற்காகத் திரும்பப் பெறப்பட்டது. ஊரார் வாயில் வழங்கும் ஒலியும், எழுதுவதற்கு ஒரு சீரான விதியும் ஆகிய இரண்டும் பொருந்தினாலன்றிச் சீர்மை நிலைக்காது என்பதே இதனால் நாம் அறிவது.

உலக நாடுகளும் இம்முடிவிற்கே வந்துள்ளன. ஐக்கிய நாடுகள் சபை 1967-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூட்டிய முதலாவது இடப்பெயர் மாநாடு, அந்தந்த இடத்தில் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் வடிவங்களை நன்கு விசாரித்துப் பதிய வேண்டுமென்றும், தேவையின்றிப் பெயர் மாற்றுதலைத் தவிர்க்க வேண்டுமென்றும் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலோ 1953-ஆம் ஆண்டிலேயே மத்திய உள்துறை அமைச்சகம் நெறிமுறைகளை வகுத்துவிட்டது. வரலாற்றுத் தொடர்புடைய பெயரை இயன்றவரை மாற்றலாகாது; தலைவர்க்கு மரியாதை செய்தல் என்னும் ஒரே காரணத்திற்காக மாற்றலாகாது; புதுப்பெயர் அண்டையிலுள்ள வேறோர் ஊரின் பெயரோடு குழம்பலாகாது என்பன அவற்றுட் சில. ஓர் ஊரின் பெயரை மாற்ற வேண்டுமாயின், மாநில அரசு காரணங்களுடன் எழுத வேண்டும். மத்திய அரசு, ரயில்வே, அஞ்சல், நில அளவை ஆகிய துறைகளைக் கலந்து, தடையில்லை எனத் தெரிவித்த பின்னரே ஆணை பிறக்கும். மாநிலத்தின் பெயரானால் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும். சென்னை மாநிலம் 1969-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தமிழ்நாடு ஆனது அவ்வழியிலேதான்.

பெயரை மாற்றாதிருத்தல் நல்லது என்றோம். ஆயினும் மாற்றியே தீரவேண்டிய பெயர்களும் உண்டு. தாய்க் கிராமத்திற்கு அழகிய பெயரிருக்க, அதனையடுத்து வாழும் உழைப்பாளி மக்களின் குடியிருப்பைச் சாதியால் சுட்டுவதும், வெறும் "காலனி" என்று ஒதுக்குவதும் நம்மிடையே இருந்த வழக்கம். "காலனி" என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அத்தகைய இடங்களில் பள்ளிச் சிறுவன் தன் முகவரியை எழுதத் தயங்கும் நிலை இருக்குமாயின், அப்பெயரைக் காப்பது மரபைக் காப்பதாகாது. புதுப்பெயரைத் தேர்வதில் அங்குக் குடியிருப்போரின் விருப்பமே முதன்மையாகக் கொள்ளத்தக்கது. மற்றத் தெருவினர் அவர்களுக்குப் பெயரிட முனைதல் முறையன்று.

இனி, ஊராட்சியார் செய்யத்தக்கவை யாவை?

முதலாவதாக, குக்கிராமங்கள், குளங்கள், ஓடைகள், களங்கள் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு ஒரு பெயரேடு எழுதுங்கள். ஏந்தல், தாங்கல், ஊருணி என முடியும் பெயர் ஒவ்வொன்றும் அங்கே நீர்நிலை இருந்ததற்குச் சான்றாகும். பெயர் சுருங்கி மறைந்தால், ஆக்கிரமிப்பை எதிர்த்து வாதிட ஒரு சாட்சி குறைந்துபோகும்.

இரண்டாவதாக, அப்பெயரேட்டை 'அ' பதிவேடு, கிராம வரைபடம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றுடன் ஒப்பிடுங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் கிராமத்திற்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. அந்த எண்ணையும் பெயருக்கெதிரே குறித்துக்கொள்ளுங்கள். எண் குழப்பத்தைத் தீர்க்கும்; ஆனால் மனிதர் தேடுவது பெயரைக் கொண்டே.

மூன்றாவதாக, எழுத்துப் பிழையைத் திருத்துவதும் பெயரையே மாற்றுவதும் வெவ்வேறு என்பதை மனத்திற்கொள்ளுங்கள். முன்னதைச் சான்றுகளுடன் வட்டாட்சியரிடம் கோரலாம். பின்னதற்குக் கிராம சபையின் தெளிவான தீர்மானமும், காரணமும், பொறுமையும் வேண்டும்.

நான்காவதாக, ஊராட்சி எழுதும் பெயர்ப்பலகையும் ரசீதும் முத்திரையும் ஒரே வடிவத்தைக் கொள்ளட்டும். நம் அலுவலகத்திலேயே மூன்று வடிவங்கள் இருக்க, பிற துறையினரைக் குறை கூறுதல் பொருந்தாது.

இப்பணிக்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஊர் முதியோரும், எழுதத் தெரிந்த இளைஞர் இருவரும் போதும். வருகின்ற கிராம சபையில் அப்பெயரேட்டை உரக்கப் படியுங்கள். தம் குடியிருப்பின் பெயர் விடுபட்டதென்று ஒருவரேனும் எழுந்து கூறினால், அவர் கூறுவதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயரில்லாத குடியிருப்புக்குத் திட்டத்தில் சாலையும் இராது, குழாயும் இராது. ஆகையால் அவ்வொரு வரியைச் சேர்ப்பதும் கிராம முன்னேற்றப் பணியே என்று கூறி, எங்கள் உரையை முடிக்கின்றோம்.