கன்று பட்டுப்போனால் மண்ணையும் பாருங்கள்

(கொருக்குப்பேட்டை பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



போன வருஷம் மழைக்கு முன்னாடி நம்ம குழுக்கள் ரோட்டோரமா வேம்பும் புங்கனும் வச்சோம். பாதிக்கு மேல பட்டுப்போச்சு. "ஒழுங்கா தண்ணி ஊத்தலை"ன்னு பழி யார் மேல விழுந்தது? தினமும் குடம் தூக்கின அக்கா மேல. அவங்க அழுததைப் பார்த்ததாலதான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

நம்ம பகுதியைச் சுற்றிப் பாருங்க. ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பை மேடு, ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் பட்டறைகள், லாரிகள். பழைய பேட்டரி, பெயின்ட், முலாம் பூசும் பட்டறைக் கழிவு இவற்றிலிருந்து ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் மண்ணில் சேர்கின்றன. காய்கறிக் குப்பை மக்கும், உலோகம் மக்காது. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டோடு நின்றது. ஆனால் அன்று புகையோடு வந்து விழுந்த ஈயம் ரோட்டோர மண்ணில் தங்கிவிடும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து, ஆலை மூடிய பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

இந்த உலோகம் கன்றை என்ன செய்யும்? முதல் அடி வேர் நுனிக்குத்தான். வேர் நீளாமல் குட்டையாகி, தண்ணீரையும் சத்தையும் இழுக்க முடியாமல் போகும். மண்ணில் ஈரம் இருந்தும் கன்று வாடும். காட்மியம் இரும்புச் சத்தைத் தடுப்பதால் இளம் இலை மஞ்சளாகும். உலோகம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் நிற்கும். கன்றின் வேர் முழுக்க அங்கேதான் இருக்கு. பெரிய மரத்துக்கு ஆழத்திலும் வேர் உண்டு, அதனால் தாங்கும்.

மஞ்சளான இலை எல்லாம் உலோகத்தால்தான் என்று சொல்லவில்லை. சோதித்தால்தான் தெரியும். வழக்கமான உரச் சோதனையில் இது வராது. ஈயம், காட்மியம், குரோமியம் பார்க்கணும்னு தனியா எழுதிக் கொடுங்க.

அடுத்த முறை குழியை அகலமா, ஆழமா வெட்டி, வெளியிலிருந்து நல்ல செம்மண்ணும் மக்கிய உரமும் போடுவோம். மக்கிய உரம் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வேருக்குப் போவது குறையும். சந்தேகமான இடத்தில் முருங்கை, கீரை வேண்டாம். நிழல் மரம் போதும்.

கடைசியா ஒண்ணு. கன்று பட்ட அதே மண்ணுலதான் நம்ம பிள்ளைங்க விளையாடுது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விளையாடி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வையுங்க. மண் பரிசோதனை கேட்டு இன்னைக்கே தீர்மானம் போடுவோம். முதல் கையெழுத்து அந்த அக்கா போடட்டும்.