சுவருக்குள் அடங்காத பேஸ்



சனிக்கிழமை இரவு, மணி பத்தரை. கீழ் ஃபிளாட்டில் படம் ஓடுகிறது. வசனம் ஒரு சொல்கூட உங்களுக்குக் கேட்கவில்லை. என்ன பாட்டு என்றும் பிடிபடவில்லை. ‘டம்... டம்...’ என்ற அடி மட்டும் தரை வழியாக ஏறி வந்து கட்டிலைத் தொடுகிறது. சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தட்டோடு உரசிக் கிணுகிணுக்கிறது. எழுந்து போய் அதை நகர்த்தி வைக்கிறீர்கள். அடுத்த சண்டைக் காட்சியில் வேறு ஏதோ ஒன்று கிணுகிணுக்கிறது. பொறுக்க முடியாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினால், “கம்மியாத்தானே சார் வச்சிருக்கேன்” என்கிறார் அந்த வீட்டுக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது உண்மையிலேயே குறைவாகத்தான் கேட்கிறது. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த அடியை எழுப்பும் சப்வூஃபர் என்கிற பெட்டியின் தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், ஏன் சுவருக்குள் அடங்குவதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 34 சென்டிமீட்டர் நீளம், ஓர் அடிக்குச் சற்று மேல். சப்வூஃபர் எழுப்பும் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையோ எட்டரை மீட்டர். நம் ஹாலைவிட அது நீளம். இவ்வளவு பெரிய அலை சுவரில் மோதும்போது, சுவர் மொத்தமாகவே மெல்ல முன்னும் பின்னும் அசைகிறது. அந்தப் பக்கத்துக் காற்றையும் அசைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது ஒரு வகையில் தன் வீட்டுச் சுவரின் ஒலியைத்தான்.

சுவர் ஒலியைத் தடுப்பது பெரும்பாலும் தன் எடையால். எடை இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். ஒலியின் அதிர்வெண் பாதியாகும்போது அதே சுவர் 6 டெசிபல் குறைவாகத் தடுக்கும். பேச்சொலிக்குள் அடங்கும் 1280 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்க ஐந்து முறை பாதியாக்க வேண்டும். அதாவது 30 டெசிபல் நஷ்டம். இதைச் சுவரின் கனத்தைக் கூட்டியே ஈடுகட்டலாம் என்று யாராவது கிளம்பினால், ஒன்பது அங்குலச் சுவரை 24 அடிச் சுவராக்க வேண்டியிருக்கும். காகிதத்தில் போட்ட கணக்குத்தான். ஆனாலும் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை அது காட்டிவிடுகிறது. இப்போது எழும்பும் கட்டடங்கள் பலவற்றில் செங்கலுக்குப் பதிலாக ஏஏசி பிளாக் என்ற இலேசான கான்கிரீட் கட்டியை வைக்கிறார்கள். அதன் எடை செங்கலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கட்டுகிறவருக்கு லாபம், பேஸுக்கும் லாபம்.

இன்னொரு பாதையும் உண்டு. அடுக்குமாடியில் தளம், பீம், தூண் எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் போட்ட கான்கிரீட். பெட்டி தரையில் அதிர்ந்தால் அந்த அதிர்வு கான்கிரீட் வழியே தாராளமாகப் பயணம் செய்யும். அதனால்தான் சில கட்டடங்களில் முதல் மாடியில் போடும் பாட்டின் அடி மூன்றாம் மாடியில் கேட்கிறது.

திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். நான்கு தெரு தாண்டியும் பாட்டு சொல் சொல்லாகக் கேட்கும். ஆனால் ஜன்னலைச் சாத்தினால் கணிசமாக அடங்கிவிடும், ஏனென்றால் அந்தக் குழாயில் பேஸ் என்பதே கிடையாது. சப்வூஃபர் இதற்கு நேர் எதிர். ஜன்னலைச் சாத்தினால் பாட்டுதான் போகும், அடி அப்படியே இருக்கும்.

இனி அந்தக் கீழ்வீட்டுக்காரரின் “கம்மி”க்கு வருகிறேன். அவர் ஹால் 14 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 40 ஹெர்ட்ஸ் அலையில் சரியாகப் பாதி. அந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, அறைக்குள் ஒரு நிலையலையாக நின்றுவிடும். சுவரோரங்களில் அழுத்தம் உச்சம், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம்மவர் சோபாவைப் போட்டிருப்பது நட்டநடுவில். பேஸ் பற்றவில்லை என்று தோன்றுகிறது, குமிழைத் திருகுகிறார். அவர் காதுக்கு வந்து சேராத அத்தனையும் சுவருக்குப் போகிறது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பெட்டியின் முழுப் பயனும் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

ஆகவே ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் குமிழைத் தொடுவதற்கு முன் சோபாவை மூன்றடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அதைவிட முக்கியம் பெட்டி இருக்கும் இடம். பெரும்பாலான வீடுகளில் அது டிவிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருக்கும். மூலை என்பது பேஸைப் பெருக்கித் தரும் இடம், தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து தள்ளும். அந்தச் சுவர்களில் ஒன்று அடுத்த வீட்டோடு பொதுவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியை அங்கிருந்து எடுத்து சோபாவுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நான்கு மீட்டர் தள்ளி இருந்தது ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால், உங்களுக்கு அதே பேஸ் கேட்க அதற்குப் பாதிக்கும் குறைந்த வேலை போதும். கண்ணுக்கு அழகாக இராது, ஒயரும் நீளமாக வேண்டும். இருந்தாலும் செலவில்லாத உபாயங்களில் இதற்கு இணையாக ஒன்றை நான் கண்டதில்லை.

கடையில் இதற்கென்று விற்கும் பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் வைக்கும் கனமான ரப்பர் மெத்தை, வாங்கலாம். தரை வழியாக ஏறும் அதிர்வை ஓரளவு அது பிடித்து வைக்கும். காற்று வழியாகச் சுவரைத் தள்ளும் ஒலியை அது ஒன்றும் செய்யாது. சுவரில் ஒட்டும் கூம்புகூம்பான ஃபோம், முட்டை அட்டை, தெர்மகோல் இவற்றுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச அதன் அலைநீளத்தில் கால்பங்கு கனம் வேண்டும் என்பது தோராயமான கணக்கு. 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல ஃபோம் அறையின் எதிரொலியைக் குறைக்கும், பேச்சைத் தெளிவாக்கும். பக்கத்து வீட்டுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

படங்களில் இவ்வளவு பேஸ் ஏன் என்பதையும் பார்த்துவிடலாம். 1974இல் ஹாலிவுட்டில் ‘எர்த்குவேக்’ என்ற படத்துக்காக சென்சரவுண்ட் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். திரையரங்குக்குள் ராட்சத ஒலிபெருக்கிகளை வைத்து, நிலநடுக்கக் காட்சியில் ஆழ்ந்த பேஸால் நாற்காலிகளை நடுக்கினார்கள். கூரைப்பூச்சு பெயர்ந்து ரசிகர்கள் தலையில் விழாமலிருக்க அங்கே ஒரு திரையரங்கில் வலை கட்ட வேண்டி வந்தது. இப்போதைய படங்களில் 5.1 என்கிறோமே, அதில் அந்தப் ‘புள்ளி ஒன்று’ இந்த இடியோசைக்கென்றே ஒதுக்கிய தனித்தடம். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் ஓங்கி ஒலிக்கும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகைக்குப் போட்ட கணக்கு அது. பத்துக்குப் பதினான்கு ஹாலில் அதை அப்படியே ஓடவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

உங்கள் ரிமோட்டில் சப்வூஃபருக்கென்று தனிப் பொத்தான் இருக்கும், அல்லது மெனுவில் ‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கும். இந்த நைட் மோட் வெடிச்சத்தத்தை அமுக்கி, மெல்லிய வசனத்தை உயர்த்தித் தரும். வசனம் கேட்கவில்லை என்பதற்காகவே பலர் ஒலியைக் கூட்டுகிறார்கள், அடுத்த நொடி குண்டு வெடிக்கிறது. நைட் மோட் போட்டாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். பேஸைக் குறைப்பதில் இயற்கையும் நம் பக்கம் இருக்கிறது. மனிதக் காது பேஸை எப்படிக் கேட்கிறது என்று 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். நடுத்தர ஒலி பாதியாகக் குறைந்ததுபோல் தோன்ற 10 டெசிபல் குறைக்க வேண்டும். ஆழ்ந்த பேஸுக்கு அதில் பாதி போதும். நீங்கள் ஐந்தாறு டெசிபல் குறைத்தால் மேல்வீட்டில் அது பெரிய நிம்மதி. ஏற்கெனவே மெலிந்து வரும் அந்த ஒலி, கேட்கும் எல்லைக்குக் கீழேகூடப் போய்விடலாம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை 45. தனியார் ஒலிக்கருவி என்றால் வீட்டின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. விதி இருக்கிறது, ஆனால் அந்த அளவு ‘ஏ’ என்ற அளவுகோலில் எடுக்கப்படுவது. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். உங்கள் படுக்கையறையில் 70 டெசிபல் அதிர்ந்தாலும் கருவியில் 40. தூக்கம் போனது போனதுதான், கருவியைப் பொறுத்தவரை நீங்கள் அமைதியான வீட்டில் இருக்கிறீர்கள். செல்போன் செயலியில் அளப்பவர்கள் ‘சி’ என்ற அளவுகோலுக்கு மாற்றி அளந்து பாருங்கள், உங்கள் கோபத்துக்கு அது கொஞ்சம் நியாயம் செய்யும். ஆனாலும் அசோசியேஷன் கூட்டத்தில் எண்களை நீட்டிச் சண்டை போடுவதால் இந்த விஷயத்தில் பலன் குறைவு என்பது என் எண்ணம்.

பலன் தருவது வேறு. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர் ஒருநாள் மாலை தன் வீட்டில் படத்தை ஓடவிட்டு, பிள்ளையிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, மேல்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஹாலில் நின்று கேட்டால் போதாது. படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டில் கேட்க வேண்டும். சுவரோரத்தில்தான் பேஸ் கூடும் என்றேனே, நம் வீடுகளில் தலைமாடு எப்போதும் சுவரை ஒட்டித்தான் இருக்கும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, போனில் “இன்னும் குறை, இன்னும் குறை” என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். அடி காணாமல் போகும் இடத்தில் பிள்ளை சொல்லும் எண்தான் உங்கள் இரவு அளவு. மேல்வீட்டு மாமியும் கூடவே இருந்து கேட்கட்டும். பகலுக்கு இன்னொரு எண்ணை அவரோடு பேசி வைத்துக்கொள்ளலாம், பேரம் பேச இடம் இருக்கிறது.

இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். வார இறுதியில் வந்து படம் போடுகிற மச்சினருக்கும் அது தெரிய வேண்டுமே.