முதல் மூன்று நாள் அரைச் சம்பளம்

(பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களின் உரிமைகள் பற்றிய சந்திப்பில் பேசியது)



எண்டோமெட்ரியோசிஸ் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டிருந்தியள். நான் டாக்டர் இல்லை. எங்கட பெண்களோட மொழிபெயர்ப்புக்குப் போய்வாற ஒருத்தி. அதனால வருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி, வேலையைப் பற்றிக் கூடச் சொல்லுறன்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகம், குடல் என்று வளர்வதுதான் இந்த நோய். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைக் கண்டுபிடிக்கவே பல நாடுகளில் 4 முதல் 12 வருடங்கள் போகின்றன. எங்கட வீடுகளில் அந்த வருடங்கள் "கலியாணம் கட்டினாச் சரியாகும், பிள்ளை பிறந்தாச் சரியாகும்" என்ற கதையோடயே கழிஞ்சு போகுது.

இந்த நோயும் வேலையும் பற்றி எழுதுறவை வழக்கமா என்ன சொல்லுகினம்? வீட்டிலிருந்து வேலை செய்யுங்கோ, நேரத்தை மாத்திக் கேளுங்கோ. பலெர்மோவில் எங்கட அக்காமாரில் கனபேருக்கு வேலையிடமே இன்னொருத்தற்ற வீடு. முதியவரைத் தூக்கி இருத்த வேணும், குனிஞ்சு தரை துடைக்க வேணும். தங்கி வேலை செய்பவருக்கு ஒப்பந்தப்படியே வாரம் 54 மணி நேரம் வரை வேலை.

இப்ப சம்பளக் கணக்கைப் பாருங்கோ. இத்தாலியில் மற்றத் தொழிலாளர் பலருக்கு நோய்க்காலப் பணத்தை அரசின் இன்ப்ஸ் கொடுக்கிறது. வீட்டுத் தொழிலாளருக்குக் கொடுப்பதில்லை. முதலாளிதான் கொடுக்க வேண்டும். தேசிய ஒப்பந்தப்படி முதல் மூன்று நாளும் அரைச் சம்பளம், நான்காம் நாளில் இருந்துதான் முழுச் சம்பளம். அதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்தில் 15 நாள்தான். ஆறு மாதத்துக்குட்பட்டவருக்கு 8 நாள்.

மாதம் இரண்டு நாள் எழும்ப ஏலாமல் கிடக்கிற ஒருத்தியை யோசியுங்கோ. அவளுக்கு நான்காம் நாள் வாறதே இல்லை. ஒவ்வொரு முறையும் அரைச் சம்பளம். எட்டாம் மாதத்தோட 15 நாளும் முடிஞ்சிடும், பிறகு அதுவும் இல்லை. வருடத்தில் ஒருக்கா வாற காய்ச்சலை மனதில் வைச்சு எழுதின விதி இது. அதனாலதான் குளிசையைப் போட்டிட்டு வேலைக்குப் போகினம். அதைப் பார்த்து, எங்கட பெண்கள் நோவைத் தாங்குவினம் எண்டு ஆக்கள் புகழுகினம்.

2017இல் இத்தாலி இந்த நோயைக் கட்டண விலக்குப் பட்டியலில் சேர்த்தது. குறியீடு 063. ஆனால் மூன்றாம், நான்காம் கட்டத்துக்கு மட்டும். கட்டம் என்பது திசு எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கு. நோவு அதன்படி வாறதில்லை. முதல் கட்டத்தில் இருக்கிறவளும் சுருண்டு கிடக்கலாம்.

வேறு வழி இருக்கிறது. 2023இல் ஸ்பெயின் கொண்டுவந்த சட்டப்படி, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயால் மாதவிடாயில் வேலை செய்ய முடியாதவருக்கு முதல் நாளில் இருந்தே அரசு பணம் கொடுக்கிறது.

இப்ப நாங்கள் செய்யக்கூடியது என்ன?

ஒன்று, கொன்சுல்தோரியோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1975ஆம் ஆண்டின் 405ஆம் சட்டத்தால் வந்த இந்தப் பொது நிலையங்களுக்குப் பின்னால் பெண்கள் இயக்கத்தின் போராட்டம் இருக்கிறது. அம்மாவுக்கு மொழிபெயர்க்க மகனை அனுப்பாதேங்கோ. மகனுக்கு முன்னால் அவ உள்ளதைச் சொல்லமாட்டா.

இரண்டு, மருத்துவரிடம் போகச் சம்பளத்தோடு நேரம் உண்டு: தங்கி வேலை செய்பவருக்குப் பொதுவாக வருடம் 16 மணி, வெளியிலிருந்து வந்து வாரம் 30 மணிக்குக் குறையாமல் செய்பவருக்கு 12 மணி. சான்றிதழ் வேண்டும். முதலாளி மணித்தியாலத்தைக் குறைச்சுப் பதிஞ்சிருந்தா இந்த உரிமையும் சேர்ந்து குறையும். அதையும் கேட்டுப் பாருங்கோ.

மூன்று, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறது தொழிற்சங்கங்களும்தான். நாள்பட்ட நோய்க்கு முதல் நாளிலேயே முழுச் சம்பளம், அதையும் அரசே கொடுக்க வேணும் எண்ட கோரிக்கையைச் சங்கக் கூட்டத்தில் எங்கட அக்காமாரே எழும்பிச் சொல்ல வேணும். கோரிக்கையைத் தமிழிலும் இத்தாலியனிலும் எழுத இரண்டு பேர் தேவை. ஆர் வாறியள்?